10,000 கதிர், வாரம் 52 பவுண்டு கூலி: சுரண்டல் வீதத்தை ஒரே ஆலையை வைத்துக் கணக்குப் போடுவோம்

ஐயவினா:
ஏற்றத்தாழ்வு என்றாலே மேல்தட்டு 1 சதவீதத்தார் கையில் எவ்வளவு, கீழ்ப்பாதியின் கையில் எவ்வளவு என்ற பட்டியலைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். மார்க்சியம் சொல்வதும் அதுதான் என்றால் அதற்கு மார்க்ஸ் தேவையில்லை, வருமான வரிப் புள்ளிவிவரம் போதும். அதுவல்ல என்றால் வேறென்ன? கட்டுரைகளில் "சுரண்டல் வீதம் 100%, 150%" என்று போடுகிறார்கள். அந்த எண் எந்தக் கணக்கேட்டிலிருந்து வருகிறது? தத்துவம் பிறகு பார்க்கலாம். ஒரு ஆலையை எடுத்து, பஞ்சு வாங்குவதில் தொடங்கி நூல் விற்பது வரை யாராவது போட்டுக் காட்டுங்கள்.

செங்கணக்கு:
ஆலை தேடி அலைய வேண்டாம், மார்க்ஸே ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார். 'மூலதனம்' முதல் பாகம், 9ஆம் அத்தியாயம் (ஜெர்மன் பதிப்பில் 7). 1867இல் வந்த முதல் பதிப்பில் 1860ஆம் ஆண்டுக்கான கணக்கு இருந்தது. அதில் தகவல் பிழைகள் இருந்ததால், இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டு, மான்செஸ்டர் ஆலை முதலாளி ஒருவர் கொடுத்த 1871 ஏப்ரல் எண்களைப் போட்டார்.

எடைக்கு ராத்தல், காசுக்குப் பவுண்டு என்று எழுதுகிறேன், குழம்பாமல் இருக்கும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் அல்லது 240 பென்ஸ்.

மொத்தம் 10,000 மியூல் கதிர்கள் (மியூல் என்பது நூற்கும் இயந்திரம்). அமெரிக்கப் பஞ்சில் 32ஆம் நம்பர் நூல். ஒரு கதிர் வாரம் 1 ராத்தல் நூற்கும். கழிவு 6%, அதை நூலின் எடைமேல் வைத்திருக்கிறார், பஞ்சின் மேல் அல்ல. ஆக வாரத்துக்கு 10,600 ராத்தல் பஞ்சு வேண்டும். ராத்தல் 7¾ பென்ஸ் வீதம் 342 பவுண்டு.

இயந்திரங்கள், முன்தயாரிப்புப் பிரிவும் நீராவி எஞ்சினும் சேர்த்து, கதிருக்கு 1 பவுண்டு வீதம் 10,000 பவுண்டு. தேய்மானம் ஆண்டுக்கு 10%, அதாவது 1,000 பவுண்டு. வாரத்துக்கு 20.

கட்டட வாடகை ஆண்டுக்கு 300. வாரத்துக்கு 6.

நிலக்கரி: 100 குதிரைத்திறன், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 4 ராத்தல், வாரம் 60 மணி நேரம். கட்டடத்தைச் சூடாக்குவதையும் சேர்த்து 11 டன். டன் 8½ ஷில்லிங், ஏறத்தாழ 4½ பவுண்டு. எரிவாயு 1, எண்ணெய் முதலியவை 4½. மூன்றும் சேர்ந்து 10.

இவையெல்லாம் கூடினால் 378. இது மாறா மூலதனம்.

கூலி வாரம் 52. இது மாறும் மூலதனம்.

நூல் விலை ராத்தல் 12¼ பென்ஸ். 10,000 ராத்தலுக்கு 510 பவுண்டு. 510இல் 430 போக மிச்சம் 80. அதுதான் உபரி.

இனி உபரி மதிப்பு வீதம். 378ஐப் பூஜ்யமாக்கிவிட வேண்டும். அந்த மதிப்பு பஞ்சிலும் கரியிலும் இயந்திரத்திலும் ஏற்கனவே இருந்தது, நூலுக்கு இடம் மாறியிருக்கிறதே தவிர இந்த வாரம் பிறந்ததல்ல. இந்த வாரம் புதிதாகச் சேர்ந்தது 132. அதில் 52 கூலியாகத் திரும்பியது, 80 உபரியானது. 80ஐ 52ஆல் வகுத்தால் 153 11/13 சதவீதம்.

10 மணி நேர வேலைநாளில் இதைப் பிரித்தால் அவசிய உழைப்பு நேரம் 3 31/33 மணி, உபரி உழைப்பு 6 2/33 மணி. நம் கடிகாரத்தில் 3 மணி 56 நிமிடம், 6 மணி 4 நிமிடம். நீங்கள் கேட்ட சதவீதம் இங்கிருந்துதான் வருகிறது. யாருக்கு எவ்வளவு சொத்து என்பதை அது சொல்வதில்லை, ஒரே வேலைநாள் இரண்டாகப் பிரியும் விகிதத்தைச் சொல்கிறது.

ராட்டினம்:
எண்கள் சரி. இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

முதலாவது, 1,000 தேய்மானம் வாரத்துக்கு 20 என்றால் ஆண்டுக்கு 50 வாரம் என்று அர்த்தம். வாடகையும் அப்படியே: 300க்கு 6. இதை 52 வாரக் கணக்கோடு கலந்தால் சிறு பிசிறு வரும்.

இரண்டாவது, வாடகை. அதை மாறா மூலதனத்தில் வைத்திருக்கிறார். அதே அத்தியாயத்தில் அடுத்து வரும் கோதுமைக் கணக்கைப் பாருங்கள், வில்லியம் ஜேகப் 1815க்குக் கொடுத்தது. ஏக்கருக்கு 22 புஷல் (தானிய அளவை), மொத்த வரவு 11 பவுண்டு. விதை 1 பவுண்டு 9 ஷில்லிங், எரு 2 பவுண்டு 10, கூலி 3 பவுண்டு 10. மிச்சத்தில் தேவாலயத் தசமபாகமும் வரிகளும் 1 பவுண்டு 1, நிலவாடகை 1 பவுண்டு 8, குத்தகைதாரரின் லாபமும் வட்டியும் 1 பவுண்டு 2. இந்த மூன்றையும் கூட்டி 3 பவுண்டு 11 ஷில்லிங் உபரி என்கிறார். வீதம் 100%க்குச் சற்று மேல். அங்கே வாடகை உபரியின் ஒரு பங்கு. ஆலையில் மட்டும் செலவு.

கட்டடம் தேய்வதை ஈடுகட்டும் பகுதி செலவு என்பது நியாயம். அதற்கு மேல் கட்டட உரிமையாளருக்குப் போவது உபரியிலிருந்து பிய்த்துக் கொடுத்த துண்டு. 6 பவுண்டில் எவ்வளவு தேய்மானம் என்று தகவல் இல்லை. 6ஐயும் முழுசாக உபரிக்கு மாற்றினால் 86ஐ 52ஆல் வகுக்க வேண்டும்: 165%. ஆகவே அந்த ஆலையின் உண்மை வீதம் 153க்கும் 165க்கும் நடுவில் எங்கோ. உதாரணத்துக்காகப் போட்டது, விலையும் மதிப்பும் ஒன்று என்று வைத்துக்கொண்டது என்று அவரே அடிக்குறிப்பில் சொல்லிவிடுகிறார். அதனால் 11/13 என்ற பின்னத்தைப் பார்த்துத் துல்லியம் என்று மயங்க வேண்டாம்.

ஐயவினா:
நன்றி. ஆனால் எந்த முதலாளியும் 153% பார்ப்பதில்லையே. 430 போட்டு 80 எடுக்கிறார், 18.6%. விற்பனையில் பார்த்தால் 15.7%. 378ஐப் பூஜ்யமாக்கு என்பது எண்ணைப் பெரிதாகக் காட்டும் வித்தை இல்லையா?

செங்கணக்கு:
இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடை. தொழிலாளி சேர்த்த மதிப்பு எப்படிப் பங்கானது என்பது ஒரு கேள்வி. போட்ட பணம் எவ்வளவு குட்டி போட்டது என்பது இன்னொன்று.

தவிர, 18.6% என்பதும் இலாப வீதம் அல்ல. பலரும் வழுக்கும் இடம் இது. 430 என்பது ஒரு வாரத்தில் செலவான மூலதனம்; முதலாளி போட்டிருப்பது அதுவல்ல. இயந்திரத்துக்கு மட்டும் 10,000 முதலிலேயே போயிற்று. மூன்றாம் பாகத்தின் 4ஆம் அத்தியாயம் இதற்கென்றே இருக்கிறது. மார்க்ஸ் தலைப்பை மட்டும் விட்டுச்சென்ற அத்தியாயம் அது, முழுவதும் அவருடைய தோழர் ஏங்கெல்ஸ் எழுதியது. அவர் இதே ஆலையை எடுத்துக்கொள்கிறார்.

இயந்திரத்தில் நிற்கும் நிலை மூலதனம் 10,000. பஞ்சு, கூலி என்று சுழலும் சுற்று மூலதனம் 2,500 என்று வைக்கிறார். இது அதிகம்தான், ஆனால் கடன் எதுவும் வாங்கவில்லை என்ற அனுமானத்துக்குப் பொருந்தும். ஆக 12,500. வாராவாரம் சுழல்வதில் தேய்மானம் 20 நீங்கலாக 358 மாறா, 52 மாறும், மொத்தம் 410. அதே விகிதத்தில் 2,500ஐப் பிரித்து மாறும் மூலதனம் 318 என்கிறார் (சரியாக வகுத்தால் 317). ஆண்டுக் கூலி 52 வாரத்துக்கு 2,704. அதாவது அந்த 318 பவுண்டு ஆண்டில் ஏறக்குறைய 8½ தடவை போய்ப் போய்த் திரும்பி வருகிறது. (மார்க்சின் தேய்மானம் 50 வாரம், ஏங்கெல்சின் கூலி 52 வாரம். ராட்டினம் சொன்ன பிசிறு இதுதான்.)

ஆண்டு உபரி 80 பெருக்கல் 52, அதாவது 4,160. அதை 12,500ஆல் வகுத்தால் 33.28%. இது இயல்புக்கு மீறிய வீதம், அந்த வேளையில் பஞ்சு மிக மலிவாகவும் நூல் மிக ஏற்றமாகவும் இருந்ததால் வந்தது, ஆண்டு முழுக்க நிலைத்திருக்க முடியாது என்று ஏங்கெல்சே எழுதுகிறார். மான்செஸ்டரில் நூல் கம்பெனிக் கணக்கோடு பல ஆண்டு கழித்தவர் ஆயிற்றே.

இன்னொன்றும் பாருங்கள். கூலிக்கென்று முதலாளி எந்த நேரத்திலும் கையில் வைத்திருக்க வேண்டியது 318 பவுண்டுதான். அதை வைத்து ஆண்டில் 4,160 உபரி எடுக்கிறார். 'ஆண்டு உபரி மதிப்பு வீதம்' என்ற கணக்கில் இது சுமார் 1,308% வரும். யாராவது நாலு இலக்கச் சதவீதம் எழுதியிருந்தால் அது எந்த வீதம் என்று முதலில் கேளுங்கள்.

கரும்பலகை:
இந்த ஆலையை வைத்து இன்னொரு பழைய தவறையும் காட்டிவிடலாம், ஏனென்றால் அது இன்றைக்கும் வேறு வேடத்தில் வருகிறது.

ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் நாசாவ் சீனியர் 1837இல் 10 மணி நேரச் சட்டத்தை எதிர்த்து ஒரு கணக்குப் போட்டார். மூலதனம் 1,00,000 பவுண்டு, ஆண்டு விற்பனை 1,15,000. வேலைநாள் 11½ மணி, அதாவது 23 அரைமணி. முதல் 20 அரைமணி மூலதனத்தை மீட்கிறது, அடுத்த அரைமணி தேய்மானம், கடைசி இரண்டு அரைமணியில்தான் 10% நிகர லாபம் பிறக்கிறது. ஆகவே ஒரு மணி நேரம் குறைத்தால் நிகர லாபமே போச்சு, ஒன்றரை மணி குறைத்தால் மொத்த லாபமும் போச்சு.

மான்செஸ்டர் ஆலையில் அதே தவறைச் செய்து பாருங்கள். 10,000 ராத்தல் நூலைப் பிரித்தால் சுமார் 7,412 ராத்தல் மாறா மூலதனத்துக்கு, 1,020 கூலிக்கு, 1,568 உபரிக்கு. இதுவரை தப்பில்லை, நூலை இப்படிப் பிரிக்கலாம். ஆனால் இந்த விகிதத்தை அப்படியே கடிகாரத்தில் ஒட்டினால் 10 மணி நேரத்தில் கடைசி 1 மணி 34 நிமிடம்தான் லாபம் என்று வரும். முதல் ஏழரை மணி நேரம் நூற்பாளர் பஞ்சையும் இயந்திரத்தையும் உற்பத்தி செய்துகொண்டிருந்தார் என்றாகிவிடும்! பஞ்சை விளைவித்தவர் அமெரிக்காவில், இயந்திரம் செய்தவர் வேறு பட்டறையில். நூற்பவர் ஒவ்வொரு நிமிடமும் இரண்டையும் ஒருசேரச் செய்கிறார்: பழைய மதிப்பை நூலுக்குக் கடத்துகிறார், புதிய மதிப்பைச் சேர்க்கிறார். 378ஐப் பூஜ்யமாக்கச் சொல்வது இதற்காகத்தான், ஐயவினா. வித்தை வேறு பக்கத்தில் இருக்கிறது.

ராட்டினம்:
ஒரு மணி நேரம் குறைத்தால் உண்மையில் என்ன ஆகும் என்று போடுகிறேன். இயந்திர வேகம் மாறவில்லை, 9 மணி நேரம் ஓடுகிறது என்று கொள்வோம்.

நூல் 9,000 ராத்தல், வரவு 459. பஞ்சு 307.8, கரி எண்ணெய் 9. தேய்மானமும் வாடகையும் குறையாது என்று கறாராக வைத்தால் 26. கூலி நாள்கூலி, பைசா குறையவில்லை: 52. மொத்தச் செலவு 394.8. மிச்சம் 64.2.

80 பவுண்டு 64 ஆகிறது. வலிக்கும். ஆனால் மறையவில்லை. கூலி உருப்படிக்கணக்கு என்றால் கூலியும் 46.8க்கு இறங்கும், மிச்சம் 69.4. நூற்பில் பெரும்பாலும் உருப்படிக்கூலிதான் என்பதால் இந்த இரண்டாவது எண்தான் நடைமுறைக்குப் பக்கம்.

வேகமும் மாறாமல் இருக்காது. பிரஸ்டனில் கார்ட்னர் என்பவரின் இரண்டு ஆலைகள் 1844 ஏப்ரல் 20 முதல் 12 மணியை 11 ஆக்கின. ஓராண்டு ஓட்டிப் பார்த்ததில் உற்பத்தி குறையவில்லை. நேரத்தை நீட்ட முடியாதபோது செறிவைக் கூட்டுவது. 1847 பத்து மணி நேரச் சட்டத்துக்குப் பிறகு, இங்கிலாந்தின் பஞ்சாலைப் பகுதியான லங்காஷயர் எங்கும் இதே கதைதான்.

நேரத்தைத் திருட்டுத்தனமாக நீட்டுவதையும் அளக்கலாம். சாப்பாட்டு வேளையில் இங்கே இரண்டு நிமிடம் அங்கே மூன்று நிமிடம் கடிப்பதைத் தொழிற்சாலை ஆய்வாளர்கள் அறிக்கைகளில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நாளுக்கு 5 நிமிடம் கூடினால் ஆண்டில் இரண்டரை நாள் உற்பத்தி என்பது அவர்கள் கணக்கு. நம் ஆலையில் 60 மணிக்கு 132 பவுண்டு புது மதிப்பு, மணிக்கு 2.2. ஆண்டுக்கு 25 மணி நேரம் என்றால் 55 பவுண்டு. நாள்கூலியாக இருந்தால் முழுவதும் உபரி: மொத்த ஆலையின் ஒரு வாரக் கூலியைவிடக் கூடுதல். உருப்படிக்கூலி என்றால் அதில் ஏறத்தாழ 33 மட்டும். எனவே நேரத் திருட்டைப் பேசும்போது எந்தக் கூலி முறை என்று சொல்லாமல் எண் சொல்லக் கூடாது.

ஐயவினா:
சரி, வேலைநாள் பிரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி ஏற்றத்தாழ்வு பற்றியது. ஒருவர் 12,500 பவுண்டு முதல் போட்டிருக்கிறார், ஆபத்தும் அவருடையது. தொழிலாளியும் மிச்சம்பிடித்து முதல் போட்டால் அவரும் அந்தப் பக்கம் போகலாமே. யாரும் தடுக்கவில்லையே?

தறிநாடா:
இதற்குத்தான் எல்லாக் கணக்கும். 80க்கு 52 என்பது பாதி விளக்கம். அடுத்த திங்கட்கிழமை காலை யார் எந்த வாசலில் நிற்பார்கள் என்பதுதான் மீதி.

ஓராண்டை எடுங்கள். முதலாளி 4,160 உபரியையும் தின்று தீர்க்கிறார், ஒரு பைசா திரும்பப் போடவில்லை. ஆண்டு முடிவில் அவரிடம் என்ன இருக்கிறது? அதே 12,500. மூன்றாண்டில் அவர் சாப்பிட்டது 12,480. போட்ட முதலை ஏறக்குறைய முழுசாகச் சாப்பிட்டுவிட்டார், ஆனாலும் முதல் அப்படியே இருக்கிறது. அப்படியானால் இப்போது இருக்கிற 12,500 எது? மார்க்ஸ் இதை 1,000 பவுண்டு முதல், ஆண்டுக்கு 200 உபரி, ஐந்தாண்டு என்ற எளிய எண்ணில் சொல்கிறார். முதல் முதலில் அந்தப் பணம் அவர் வியர்வையிலேயே வந்திருக்கட்டும், சண்டை வேண்டாம். குறிப்பிட்ட காலம் கழிந்தபின் நிற்பது முழுக்கத் திரண்ட உபரி. 33% வீதம் இயல்பல்ல என்றால் 15% வைத்துக்கொள்ளுங்கள், ஆறு ஏழு ஆண்டு ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆலை நொடித்துப்போகும் ஆபத்து உண்மைதான். ஆனால் நொடித்தால் கூலியும் சேர்ந்துதான் போகிறது.

தொழிலாளி பக்கம் வாருங்கள். ஆண்டுக் கூலி 2,704 என்பது ஒருவருக்கு அல்ல, அந்த ஆலையில் உள்ள அத்தனை பேருக்கும். எல்லோரும் சேர்ந்து பத்தில் ஒன்று மிச்சம்பிடித்தால் ஆண்டுக்கு 270. 12,500 சேர 46 ஆண்டு. அதற்குள் அந்தத் தலைமுறை வேலையை விட்டிருக்கும். முதலாளியோ உபரியில் பாதியைத் தின்று பாதியைப் போட்டாலே ஆறு ஆண்டில் இரண்டாவது ஆலைக்கு முதல் தயார். இரண்டு ஓட்டத்துக்கும் இடைவெளி ஆண்டுதோறும் கூடும். சட்டம் யாரையும் தடுக்கவில்லை என்பது உண்மை. கணக்குதான் தடுக்கிறது.

லங்காஷயரிலேயே இதை மீறிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ராச்டேலில் 1854இல் கூட்டுறவாளர்கள் நூற்பாலை தொடங்கினார்கள். லாபத்தில் மூலதனத்துக்கு ஒரு பங்கு, உழைப்புக்கு ஒரு பங்கு என்று விதி. பங்குதாரர்கள் பெருகப் பெருக, ஆலையில் வேலை செய்யாத பங்குதாரர்கள் பெரும்பான்மை ஆனார்கள். 1862இல் உழைப்புக்கான பங்கை வாக்கெடுத்து நிறுத்திவிட்டார்கள். அவர்களில் பலரும் வேறெங்கோ கூலிக்குப் போனவர்கள்தான். ஆளின் மனம் கெட்டது என்று சொல்வதில் பொருளில்லை. பங்கு கையில் வந்ததும் பங்கின் கணக்கு பேச ஆரம்பிக்கிறது. 1870களில் ஓல்டாம் நகரில் பெருகிய கூட்டுப்பங்கு நூற்பாலைகளிலும் தொழிலாளர் சேமிப்பு நிறையப் போயிற்று. அதனால் கூலி உறவு மாறவில்லை.

இன்னொரு சாட்சி எதிர்ப்பக்கத்திலிருந்து. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பஞ்சு வரத்து நின்று லங்காஷயர் பட்டினி கிடந்தபோது, தொழிலாளர்கள் வெளிநாடு போக அரசு உதவ வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. மான்செஸ்டர் வணிகர் சங்கத்தின் முன்னாள் தலைவர் எட்மண்ட் பாட்டர் 1863 மார்ச் 24 'டைம்ஸ்' இதழில் அதை எதிர்த்து எழுதினார். தொழிலாளரைப் பயிற்சி பெற்ற மனித இயந்திரமாகவே வைத்து அவர் வாதிட்டார்: இரும்பு இயந்திரத்தை விட்டால் மாற்றலாம், இதை ஒரு தலைமுறையில் மீட்க முடியாது, போகவிடாதீர்கள். வேலையும் இல்லை, கூலியும் இல்லை, ஆனால் இடத்தை விட்டு நகரக் கூடாது. தொழில் சேமப் பட்டாளம், அதாவது வேலையில்லாமல் முதலாளிக்குக் கைவசம் நிற்கும் தொழிலாளர் கூட்டம், என்று புத்தகத்தில் படிப்பது இதுதான்.

கரும்பலகை:
தறிநாடா சொன்னதோடு ஒரு சிக்கலையும் சேர்த்து வைக்கிறேன். அந்த 52 பவுண்டு ஒரே மாதிரியான ஆட்களின் கூலி அல்ல.

லங்காஷயர் மியூல் நூற்பில் ஒரு ஜோடி மியூலுக்கு ஒரு மைண்டர், அதாவது அவற்றை ஓட்டும் நூற்பாளர். அவருக்குக் கீழே பெரிய பீசர், சின்னப் பீசர். அறுந்த இழையை ஒட்டுவது அவர்கள் வேலை. ஆலை உருப்படிக்கூலியை மைண்டரிடம் கொடுக்கும், பீசர்களுக்கு அவர் தன் கையிலிருந்து நிர்ணயக் கூலி கொடுப்பார். வேகம் கூடினால் மைண்டரின் வருமானம் கூடும், பீசரின் கூலி அப்படியே நிற்கும். பீசரை விரட்டுவதில் மேஸ்திரிக்கு முன்னால் மைண்டருக்கே ஆதாயம். மோசமான பஞ்சு வந்தால் இது தலைகீழாகத் திரும்பும்: பஞ்சுப் பஞ்ச காலத்தில் குட்டை இழையுள்ள சூரத் பஞ்சைப் போட்டபோது இழை ஓயாமல் அறுந்தது, உருப்படி குறைந்தது, மைண்டரின் வருமானம் சரிந்தது.

இவர் யார்? பீசருக்குக் கூலி கொடுக்கிறார், ஆனால் மியூல் அவருடையதல்ல. முதலாளியா, தொழிலாளியா? மூன்றாம் பாகத்தின் கடைசி அத்தியாயம், வர்க்கங்கள் பற்றியது, இந்தக் கேள்வியைத் தொட்டு மருத்துவர், அதிகாரிகள் வரை வந்து பாதியில் நிற்கிறது. 1970களில் அமெரிக்கச் சமூகவியலாளர் எரிக் ஓலின் ரைட் இதற்குப் பெயர் வைத்தார்: முரண்பட்ட வர்க்க இருப்பிடங்கள். மூன்று கேள்வி: பணம் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? இயந்திரமும் கட்டடமும் எப்படி ஓட வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? மற்றவர் உழைப்பைக் கட்டுப்படுத்துபவர் யார்? மூன்றுக்கும் 'நான்' என்றால் முதலாளி, மூன்றுக்கும் 'நானல்ல' என்றால் தொழிலாளி. மைண்டர் மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் 'நான்'. மேலாளர் இரண்டிலும் மூன்றிலும். வருமான அடுக்கு வைத்துப் பார்த்தால் நல்ல மைண்டரும் சின்னக் கடைக்காரரும் ஒரே படியில் நிற்பார்கள். இந்தக் கேள்விகள் வைத்துப் பார்த்தால் இருவரும் வேறு வேறு இடம். நீங்கள் முதலில் கேட்ட 1 சதவீதப் பட்டியலுக்கும் வர்க்கத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே துலங்கும்.

அரைக்காசு:
எல்லாம் அழகு. ஆனால் அடித்தளத்தையே யாரும் தொடவில்லை. விலையும் மதிப்பும் ஒன்று என்று வைத்துத்தானே 153 வந்தது? இந்த ஆலையில் மாறா மூலதனம் கூலியைப் போல ஏழு மடங்குக்கு மேல். எல்லாத் தொழிலிலும் இலாப வீதம் சமன்பட்டால் விலை மதிப்பிலிருந்து விலகியே தீரும். மார்க்சை விமர்சித்த பொருளியலாளர் பொம்-பாவெர்க் 1896இல் பிடித்துக்கொண்ட இடம் இது. பிறகு இதே சிக்கலில் பொருளியலாளர்கள் போர்ட்கிவிச் 1907, ஸ்ராஃபா 1960. இன்றைக்கு உழைப்பு மதிப்பே தேவையில்லாமல் கூலியையும் தொழில்நுட்பத்தையும் வைத்து விலையையும் இலாபத்தையும் கண்டுபிடித்துவிடலாம்.

செங்கணக்கு:
கண்டுபிடிக்கலாம், உண்மை. அதனால் எது விழுகிறது, எது விழவில்லை என்று பிரித்துப் பார்ப்போம்.

விழுவது: ஒரு தனி ஆலையின் கணக்கேட்டிலிருந்து அந்த ஆலையின் சுரண்டல் வீதத்தைத் துல்லியமாக எடுக்கலாம் என்ற நம்பிக்கை. இலாபம் மூலதன அளவுக்கேற்பப் பங்காவதால், இந்த 80இல் கொஞ்சம் வேறு தொழிலில் பிறந்ததாக இருக்கலாம். வீதத்தை ஒரு நாட்டின் முழு உற்பத்திக்குப் போடும்போதுதான் அர்த்தம் உறுதிப்படும். விழாதது: பொருளியலாளர் மொரிஷிமா 1973இல் 'மார்க்சிய அடிப்படைத் தேற்றம்' என்று பெயரிட்டது. ஒகிஷியோ அதற்கு முன்பே நிறுவியது. இலாபம் நேர்மமாக (பூஜ்யத்துக்கு மேல்) இருக்க வேண்டுமானால் உபரி உழைப்பு நேர்மமாக இருந்தே ஆக வேண்டும், மறுதலையும் சரி. இணை உற்பத்தி, அதாவது ஒரே வேலையில் இரண்டு பொருள் சேர்ந்து விளைவது, இருந்தால் இது உடையலாம் என்று ஸ்டீட்மன் 1975இல் எதிர் எடுத்துக்காட்டு கொடுத்தார்.

அரைக்காசு:
அதே கணிதத்தை எஃகுக்கும் போடலாமே. 'எஃகு சுரண்டப்படுகிறது' என்றும் தேற்றம் வரும். உழைப்புக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு?

கரும்பலகை:
கணிதத்தில் தனிச்சிறப்பு இல்லை. அதைச் சொன்னவர்களில் ஒருவரான ஜான் ரோமரே மார்க்சியர்தான். 1982இல் அவர் வேறு வழியில் போனார்: மதிப்புக் கோட்பாட்டை ஒதுக்கிவிட்டு, எல்லோரும் ஒரே தொழில்நுட்பம், சொத்து மட்டும் சமமில்லை என்று தொடங்கினார். சந்தையில் அவரவர் தமக்கு எது நல்லதோ அதைச் செய்கிறார்கள். விளைவாகத் தானாகவே வர்க்கங்கள் பிரிகின்றன: பிறரைக் கூலிக்கு வைப்பவர்கள், தாமே உழைப்பவர்கள், உழைப்பை விற்பவர்கள், நடுவே கலப்புகள். கூலிக்கு வைத்தே ஆக வேண்டியவர்கள் சுரண்டுபவர்களாகவும், விற்றே ஆக வேண்டியவர்கள் சுரண்டப்படுபவர்களாகவும் இருப்பார்கள் என்பது அனுமானமாக அல்ல, முடிவாக வருகிறது. கூலிச் சந்தைக்குப் பதில் கடன் சந்தையை வைத்தாலும், அதாவது தொழிலாளி முதலைக் கடன் வாங்கித் தானே நூற்றாலும், பங்கீடு அதேதான். வேர் சொத்துரிமையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான நிரூபணம் கிடையாது.

ராட்டினம்:
சுத்தம்தான், ஆனால் ஆலைக்குள் நடப்பது அதில் காணாமல் போகிறது. ரோமரின் உலகத்தில் 10 மணி உழைப்பு என்று ஒப்பந்தம் போட்டால் 10 மணி உழைப்பு கைக்கு வந்துவிடும். ஆலையில் முதலாளி வாங்குவது ஆளின் நேரத்தை. அதிலிருந்து எவ்வளவு உழைப்பு வரும் என்பது மேஸ்திரி, உருப்படிக்கூலி, மியூலின் வேகம், சாப்பாட்டு வேளையில் கடிக்கும் 5 நிமிடம் இவற்றால் முடிவாகிறது. எஃகுக்கும் உழைப்புக்கும் வேறுபாடு கேட்டீர்களே, அரைக்காசு: எஃகு வேகத்தைக் குறைக்காது, வேலைநிறுத்தம் செய்யாது. சொத்துரிமை ஏன் சிலர் கூலிக்குப் போகிறார்கள் என்பதைச் சொல்லும். 3 மணி 56 நிமிடம் ஏன் 4½ ஆகவோ 3½ ஆகவோ இல்லை என்பதைச் சொல்லாது. அதற்கு 1833, 1844, 1847 தொழிற்சாலைச் சட்டங்களின் சண்டையைப் படிக்க வேண்டும்.

ஐயவினா:
கடைசியாக ஒன்று. இதை இந்தியாவுக்குப் போட எந்தப் புள்ளிவிவரம்?

செங்கணக்கு:
தொழில்களின் ஆண்டு ஆய்வு (Annual Survey of Industries). அதில் 'நிகரக் கூட்டப்பட்ட மதிப்பு' என்ற பத்திதான் நம் 132க்கு நெருக்கம்: உற்பத்தி கழித்தல் இடுபொருள் கழித்தல் தேய்மானம். 'தொழிலாளர் கூலி' பத்தி 52க்கு நெருக்கம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, இரண்டாவதால் வகுக்க வேண்டும். நிகர மதிப்பில் கூலியின் பங்கு 1980களின் தொடக்கத்தில் சுமார் 30%, 2000களின் பிற்பகுதியில் சுமார் 10%. 30% என்றால் வீதம் 233%. 10% என்றால் 900%.

இந்த 900ஐ அப்படியே எடுத்துக்கொண்டு மேடை ஏறாதீர்கள். மேலாளர், மேற்பார்வையாளர், எழுத்தர் சம்பளம் தொழிலாளர் கூலியில் சேராது, அதனால் கழித்து வருவதில் அதுவும் உபரிக்குள் நிற்கும். எழுத்தரையும் மேற்பார்வையாளரையும் எந்தப் பக்கம் வைப்பது என்று மைண்டரை வைத்துக் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். எல்லா ஊழியரின் ஊதியமும் சலுகைகளும் அடங்கிய பத்தி தனியே இருக்கிறது. இரண்டு விதமாகவும் போட்டு இரண்டு எண்ணையும் காட்டுவதுதான் யோக்கியம். இந்த ஆய்வில் வாடகையும் வட்டியும் நிகர மதிப்புக்குள்ளேயே இருக்கின்றன. அதாவது ஜேகபின் கோதுமைக் கணக்கு முறை, மான்செஸ்டர் ஆலை முறை அல்ல. 153உடன் நேரடியாக ஒப்பிட முடியாது, 165உடன் ஒப்பிடலாம். மின்சாரம் இருந்தால் 10 பேரோ அதற்கு மேலோ, இல்லையென்றால் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள, 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் பதிவான கூடங்கள்தான் மேலே சொன்ன எண்களுக்கு அடிப்படை. வீட்டோடு சேர்ந்த நாலு விசைத்தறிக் கூடமெல்லாம் இதில் வராது.

ராட்டினம்:
நெசவுக்குப் போடும்போது இன்னொன்று. கூலிக்கு நெய்து கொடுக்கும் கூடத்தில் நூல் பாவு கொடுத்தவருடையது, இடுபொருள் பத்தியில் வராது, விற்பனையும் வராது, கிடைப்பது 'பிறருக்குச் செய்த வேலைக்கான வரவு'. கூடத்துக்காரர் பக்கம் உபரி சிறுத்துத் தெரியும். மீதி, பாவு கொடுத்தவர் ஏட்டில் வணிக லாபமாக உட்கார்ந்திருக்கும். அவர் பதிவான தொழிற்சாலை நடத்தாதவர் என்றால் இந்த ஆய்வில் அவர் இல்லவே இல்லை. இரண்டு ஏட்டையும் சேர்த்து வைக்காமல் வீதம் போட்டால் கூடத்துக்காரர் தொழிலாளியைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் என்று தோன்றும்.